வீட்டைப் பிரிச்சுக் கட்டுன கியூப்

ஜன்னல் ஓரம் நீங்க உட்காருங்க அண்ணாச்சி, எனக்கு ஒண்ணும் இல்ல. அருப்புக்கோட்டை தாண்டுனா வெயில் அந்தப் பக்கம்தான் அடிக்கும், அதையும் சொல்லிர்றேன். நான் எட்டயபுரத்துல இறங்கிருவேன். நீங்க தூத்துக்குடியா? நல்லதாப் போச்சு. அப்போ உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும். கேக்கிறேன், அவசரம் இல்ல. முதல்ல நான் கதையைச் சொல்றேன். தப்பு யார் மேலன்னு நீங்க சொல்லணும். நான் எதையும் மறைக்கமாட்டேன்.

என் பேரு கனகவேல். ஓசூர்ல வேலை, கியர் செய்ற கம்பெனி. அங்க மெஷின் எல்லாம் தானா ஓடும். எந்த நேரத்துல எந்தக் கை மேல போகணும், எது கீழ இறங்கணும்னு அதுக்கு எழுதி வைக்கிறது என் வேலை. பதினோரு வருஷம் ஆச்சு. நான் எழுதுன புரோகிராம்ல தப்பு கண்டுபிடிச்சவன் அங்க கிடையாது.

வீட்டுக்காரி பேரு செண்பகவல்லி. எட்டயபுரம் பக்கத்துல ஒரு கவர்மெண்ட் ஹைஸ்கூல்ல சயின்ஸ் டீச்சர். கல்யாணமாகி அஞ்சு வருஷம். சேர்ந்து இருந்தது எட்டு மாசம். அப்புறம் அவளுக்கு வேலை வந்துருச்சு. கவர்மெண்ட் வேலையைப் போய் வேணாம்னு சொல்ல முடியுமா? தாராளமாப் போன்னு சொன்னேன். கிளம்புற அன்னைக்கு அவ கேட்டா, "நீங்களும் தூத்துக்குடிப் பக்கம் வேலை பாருங்களேன். அங்கயும் மெஷின் ஓடுதுல்ல?" பார்க்கிறேன்னு சொன்னேன். எப்பக் கேட்டாலும் பார்க்கிறேன்னுதான் சொல்லியிருக்கேன். இந்த நாலு வருஷத்துல ஒரு தடவைகூட மாட்டேன்னு சொன்னது இல்ல அண்ணாச்சி. வேணும்னா அவகிட்டயே கேட்டுப் பாருங்க.

போன்ல பேசினா எங்களுக்குள்ள சண்டை வந்துரும். பெருசா ஒண்ணும் இருக்காது. சாப்டியா, சாப்டேன், என்ன குழம்பு, அதோட பேச்சு தீர்ந்துரும். தீர்ந்துபோச்சுன்னா அவளுக்குக் கோவம் வரும். போன ஜூன்ல ஸ்கூல் திறந்ததும் அவதான் ஒரு யோசனை சொன்னா. அவ கிளாஸ் புள்ளைங்க ஒரு கேம் விளையாடுதுங்களாம். கம்ப்யூட்டருக்குள்ள கட்டம் கட்டமா அடுக்கி வீடு, கோட்டை, பாலம் என்ன வேணும்னாலும் கட்டலாம். ரெண்டு பேரு வேற வேற ஊர்ல இருந்தாலும் ஒரே இடத்துல நிக்கலாம். "தினமும் சாயங்காலம் ஏழுல இருந்து எட்டு வரைக்கும் அதுல வாங்க. நாம ஒரு வீடு கட்டுவோம்"னா. டீச்சர் பேசுற பேச்சான்னு நினைச்சேன். ஆனாலும் போனேன்.

பொய் சொல்லக் கூடாது, முதல் ரெண்டு மாசம் நல்லாத்தான் இருந்துச்சு. நான் மரம் வெட்டிக் குடுப்பேன், கல்லு தோண்டிக் குடுப்பேன், அவ கட்டுவா. காதுல ஹெட்செட் மாட்டிக்கிட்டுப் பேசிக்கிட்டே கட்டுவோம். அந்த கேம்ல மழை வரும் அண்ணாச்சி. நனைஞ்சா ஒண்ணும் ஆகாது. ஆனா மழை வந்தா அவ வேலையை நிறுத்திட்டுக் கூரைக்குக் கீழ வந்து நிப்பா. "விடட்டும்ங்க"ம்பா. நானும் பக்கத்துல போய் நிப்பேன். பேச்சே இருக்காது. எனக்கு அது டைம் வேஸ்ட்னு தெரியும், இருந்தாலும் நின்னேன்.

வீடு நல்லாவே வந்துச்சு. முன்னாடி தோட்டம், கிழக்கப் பார்த்து அடுப்படி, அஞ்சு ஜன்னல். பின்னாடி சின்னதா ஒரு ரூம், அதுல மஞ்சக் கட்டில் ஒண்ணு. நமக்குத்தான் பெரிய ரூம் இருக்கே, இது யாருக்குன்னு கேட்டேன். சிரிச்சா. "யாராவது வருவாங்கல்ல"ன்னா. விருந்தாளிக்கு இவ்வளவு சின்ன ரூமா, கால் நீட்ட முடியாதேன்னு நான் சொன்னேன். அன்னைக்கு அவ சீக்கிரமே போயிட்டா. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியல.

ஆகஸ்டுல ஒரு நாள் கேண்டீன்ல இதைப் பத்திப் பேச்சு வந்துச்சு. எங்ககூட மாதேஷ்னு ஒருத்தன், தேன்கனிக்கோட்டைப் பக்கம். அவனும் அந்த கேம் ஆடுறவன். அவன் சொன்னான், "சார், அதுல வீடு யாரு வேணும்னாலும் கட்டலாம். ரூபிக்ஸ் கியூப் கட்ட முடியுமா? சும்மா பொம்மை மாதிரி இல்ல. பட்டனை அமுக்குனா திரும்பணும், கலர் எல்லாம் மாறணும், திரும்பச் சேர்க்கவும் முடியணும். உங்களால முடியாது சார்." முடியாதுன்னு ஒருத்தன் சொல்லிட்டா எனக்குச் சோறு இறங்காது அண்ணாச்சி. அன்னைக்கு சாயங்காலமே ஆரம்பிச்சுட்டேன்.

கியூப் பார்த்திருப்பீங்கள்ல? ஆறு பக்கம், பக்கத்துக்கு ஒன்பது கலர்க் கட்டம். கையில இருக்கிற கியூப்ல ஒரு பக்கத்தைத் திருப்புனா அதுவே நகர்ந்துக்கும். அந்த கேம்ல அப்படித் திருப்ப வழி கிடையாது. அதுக்குன்னு ஒரு பெட்டி இருக்கு. அதுக்குள்ள நாம ஒரு கட்டளை எழுதலாம், இந்த இடத்துல இருக்கிற கட்டத்தை அந்த இடத்துக்கு காப்பி எடுத்து வைன்னு. அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். ஒரு பக்கத்தை ஒரு தடவை திருப்புனா இருபது கட்டம் இடம் மாறுது. அந்த இருபதையும் காப்பி எடுத்தே மாத்தணும்.

முதல்ல நாலு கட்டத்தை வெச்சுச் செஞ்சு பார்த்தேன். ஒண்ணை ரெண்டாவது இடத்துக்குக் காப்பி எடுத்தா ரெண்டாவதுல இருந்த கலர் அழிஞ்சு போச்சு. அதை மூணுக்கு, மூணை நாலுக்குன்னு போனா கடைசியில நாலும் சிவப்பு. ஒரு வாரம் இதே கதை. நாலும் சிவப்பு, நாலும் சிவப்பு. செண்பகம் பக்கத்துல பூந்தொட்டி அடுக்கிக்கிட்டு இருந்தா. நான் புலம்புறதைக் கேட்டுட்டு அவ பாட்டுக்கு ஸ்கூல் கதை பேச ஆரம்பிச்சுட்டா. "கிளாஸ்ல நாலு புள்ளைங்களை இடம் மாத்தணும்னா நான் ஒருத்தியை முதல்ல எந்திரிச்சு போர்டுகிட்ட நிக்கச் சொல்லுவேன். அப்பத்தான ஒரு இடம் காலியாகும்? மத்ததுங்க நகர்ந்ததும் அவளைக் கூப்பிட்டுக் கடைசி இடத்துல உட்கார வெச்சிருவேன்"னா. நான் ம், ம்னு கேட்டுக்கிட்டேன். மண்டைக்குள்ள எனக்கு வேற ஓடிக்கிட்டு இருந்துச்சு. அப்பத்தான் அண்ணாச்சி, பளிச்சுனு எனக்குத் தோணுச்சு. ஓரமா ஒரு காலி இடம் வெச்சுக்கிட்டு, முதல் கலரை அங்க எடுத்து வெச்சுட்டா என்ன?

அந்த யோசனை வரலைன்னா இந்த கியூப்பே கிடையாது. மாதேஷ் வாயைப் பொளந்துட்டான். "எப்படி சார் தோணுச்சு?" அனுபவம்டான்னேன்.

அப்புறம் ஓட்டம்தான். நாலு கட்டத்தை மாத்த, ஓரமா எடுத்து வைக்கிறதையும் சேர்த்து அஞ்சு காப்பி, அப்படின்னா இருபது கட்டம் மாறுற ஒரு திருப்பலுக்கு இருபத்தஞ்சு பெட்டி. ஆறு பக்கம், பக்கத்துக்கு ரெண்டு திசை, ஆக மொத்தம் முந்நூறு பெட்டி. ஒவ்வொண்ணுலயும் எங்க இருந்து எங்கன்னு நம்பர் போட்டு எழுதணும். ஒரு நம்பர் தப்புனா எல்லாம் போச்சு. ஏழுல இருந்து எட்டு எங்க போதும்? அவ "எட்டாச்சுங்க, நான் போய் நோட்டுத் திருத்தணும்"பா. சரின்னு சொல்லிட்டு நான் இருப்பேன்.

இடம்தான் சிக்கல். நாங்க ரெண்டு பேரும் அந்த கேமுக்குள்ள வந்து இறங்குற இடம் ஒண்ணு இருக்கு. அதைச் சுத்தி வெச்சாத்தான் பெட்டி எந்நேரமும் முழிச்சிருக்கும். தூரமா வெச்சா தூங்கிரும், வேலை செய்யாது. அந்த இடத்துலதான் அவ வீட்டைக் கட்டி வெச்சிருக்கா. யோசிச்சுப் பாருங்க, அது ஊருக்கே நடு இடம். முதல்ல தோட்டத்தை மட்டும்தான் எடுத்தேன். "என்னங்க, செடி எங்க?"ன்னா. கொஞ்ச நாளைக்குத் தள்ளி வெச்சிருக்கேன்னேன். ஒண்ணும் சொல்லல. அப்புறம் அடுப்படி. "அடுப்படி இல்லாம என்ன வீடுங்க?"ன்னா. யாரு அதுல சமைக்கப் போறா, நீயே சொல்லுன்னு கேட்டேன். அதுக்கும் ஒண்ணும் சொல்லல. ஒண்ணும் சொல்லலைன்னா சம்மதம்னுதான எடுத்துக்குவோம்? நீங்க எப்படி எடுத்துக்குவீங்க?

டிசம்பர்ல அவ ஸ்கூல்ல அரையாண்டுப் பரீட்சை. பத்து நாள் அந்தப் பக்கம் வரல. எனக்கும் கடைசி எழுபது பெட்டிக்கு இடம் பத்தல. மீதி வீட்டையும் எடுத்துட்டேன். அண்ணாச்சி, அப்படிப் பார்க்காதீங்க. இடிக்கல. பிரிச்சேன். ஒரு கட்டம் வீணாகல. எல்லாத்தையும் பெட்டகத்துல போட்டு, மேல பலகை மாட்டி எழுதி வெச்சேன். கதவு ரெண்டு, ஜன்னல் அஞ்சு, மஞ்சக் கட்டில் ஒண்ணுன்னு. எங்க கம்பெனி ஸ்டோர்லகூட அவ்வளவு சுத்தமா இருக்காது.

பரீட்சை முடிஞ்சு ஒரு சாயங்காலம் வந்தா. வந்து இறங்கி அப்படியே நின்னா. முன்னாடி என் கியூப் நிக்குது, மூணு மாடி உசரம், ஆறு கலர்ல தகதகன்னு. நான் அவ என்ன சொல்லப் போறாளோன்னு காத்துக்கிட்டு இருக்கேன். "வீடு எங்க?"ன்னு கேட்டா.

"பெட்டகத்துல இருக்கு"ன்னேன். "இதைப் பாரு, பட்டனை அமுக்கு."

ஒவ்வொரு பட்டனா அமுக்குனா. அவளுக்கு கியூப் சேர்க்கத் தெரியும் அண்ணாச்சி, ஸ்கூல்ல புள்ளைங்ககிட்ட இருந்து கத்துக்கிட்டாளாம். எனக்கு அது அன்னைக்குத்தான் தெரியும். கலைச்சுவிட்டுட்டு அரைமணி நேரம் சேர்த்தா. கடைசியில எல்லாம் சேர்ந்துச்சு, ஓரத்துல ஒரே ஒரு துண்டு மட்டும் திரும்பி நிக்குது. மறுபடி கலைச்சா. இந்தத் தடவை சேர்ந்துச்சு. மூணாவது தடவை மறுபடி அதே மாதிரி ஒரு துண்டு திரும்பி நிக்குது.

"இதுல எங்கயோ தப்பா மாட்டியிருக்கீங்க"ன்னா.

"அதெப்படி? எல்லாப் பட்டனையும் நான் அமுக்கிப் பார்த்துட்டேன்."

"பின்பக்கம் போய்ப் பார்த்தீங்களா?"

நான் எதுக்குப் பின்பக்கம் போகணும்? முன்னாடி திரும்புதுன்னா பின்னாடியும் திரும்பும்ல? எனக்குக் கோவம் வந்துருச்சு. அஞ்சு மாசம் உழைச்சிருக்கேன், நல்லா இருக்குன்னு ஒரு வார்த்தை வரல, எடுத்த எடுப்புல தப்பு கண்டுபிடிக்கிறாளேன்னு. நானும் ஏதோ சொல்லிட்டேன். நீ புள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கிற மாதிரி எனக்கு எடுக்காதேன்னு சொன்னேன்னு நினைக்கிறேன். அவ சத்தம் போடல. "அந்த தூத்துக்குடி கம்பெனிக்கு அப்ளை பண்ணக் கடைசி நாள் இருபதாம் தேதி. லிங்க் அனுப்பி ஒரு மாசமாச்சு. ஞாபகம் இருக்கா?"ன்னா. இருக்குன்னேன். வெளிய போயிட்டா. அதோட அந்த கேமுக்குள்ள அவ வரவே இல்ல.

தப்பை நானே கண்டுபிடிச்சேன். ஒரு வாரம் ஆச்சு. வலது பக்கத்தைத் திருப்புற பட்டன்ல, ஓரத்துண்டு ஒண்ணு பின்னாடி போகும்போது அதோட ரெண்டு கலரும் மாறி உட்காருது. பின்னாடிதான். முன்னாடி நின்னு பார்த்தா தெரியவே தெரியாது. ரெண்டு நம்பரை மாத்தினேன், சரியாப் போச்சு. இருபத்தோராம் தேதி சாயங்காலம் முடிச்சேன். முடிச்சுட்டு உட்கார்ந்தப்புறம்தான் முந்தின நாள் இருபதுன்னு ஞாபகம் வந்துச்சு. சரி, என்ன போச்சு, அடுத்த வருஷமும் ஆள் எடுப்பாங்கல்ல?

பொங்கலுக்கு வீட்டுக்குப் போனேன். எல்லாம் செஞ்சா, பொங்கல் வெச்சா, வடை சுட்டா, எனக்குச் சட்டை எடுத்து வெச்சிருந்தா. முகத்துல மட்டும் ஒண்ணுமே இல்ல. கிளம்புற அன்னைக்குச் சொல்றா, "ஜூன் வரைக்கும் பார்ப்பேன். அதுக்குள்ள ஒரு முடிவுக்கு வரலைன்னா, நீங்க அங்க, நான் இங்கன்னு எழுதி வாங்கிக்குவோம். எனக்கு முப்பத்தி ரெண்டு ஆகுது." கோவத்துல பேசுறான்னு நினைச்சேன். ஆனா கோவமாச் சொல்லல அண்ணாச்சி. அட்டெண்டன்ஸ் வாசிக்கிற மாதிரி சொன்னா. அதான் எனக்கு ஒரு மாதிரி ஆயிருச்சு. இதுக்கு நடுவுல வயசை எதுக்குச் சொன்னான்னும் புரியல.

சரி, இதெல்லாம் விடுங்க. நான் கேக்க வந்தது இனிமேதான்.

போன வாரம் தூத்துக்குடி கம்பெனியில இருந்து எனக்கு மெயில் வருது. திங்கக்கிழமை காலையில பத்து மணிக்கு இன்டர்வியூவாம். நான் அப்ளையே பண்ணலையே! அவதான் அனுப்பியிருக்கா. என் பேர்ல, என் சர்டிபிகேட்டை ஸ்கேன் பண்ணி, டிசம்பர் இருபதாம் தேதி, கடைசி நாள்ல. என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல அண்ணாச்சி! பதினோரு வருஷமா நான் ஒரு இடத்துல ஒவ்வொண்ணாக் கட்டி எழுப்பியிருக்கேன். அதை அப்படியே பிரிச்சு எடுத்து இன்னொரு இடத்துல வைக்கணும்னா, இருக்கிறவன்கிட்ட ஒரு வார்த்தை கேக்க வேணாமா? சொல்லுங்க. ஒருத்தர் கட்டுனதை அவரைக் கேக்காம இன்னொருத்தர் தொடலாமா?

ஏன் சிரிக்கிறீங்க? நான் சிரிக்கிற மாதிரி ஒண்ணும் சொல்லலையே.

அதுல என்னைப் பத்தி ஒரு பக்கம் எழுதியிருக்கா. கம்பெனிக்காரன் அதையும் மெயில்ல சேர்த்து அனுப்பியிருந்தான். படிச்சேன். நாலு தடவை படிச்சேன். எந்த மெஷினை நான் எப்பச் சரி பண்ணுனேன், எந்த வருஷம் லைன் நின்னப்போ மூணு நாள் வீட்டுக்குப் போகாம இருந்தேன், எல்லாம் இருக்கு. எப்பவோ ராத்திரியில நான் சொன்னது எல்லாத்தையும் ஞாபகம் வெச்சிருந்திருக்கா. அவ தூங்கிட்டாள்னுதான் நான் நினைச்சுக்கிட்டுப் பேசியிருப்பேன். கடைசியில கியூப்பையும் எழுதியிருக்கா. 'முந்நூறு கட்டளைகளில் இயங்கும் கியூப் ஒன்றைத் தனியாக உருவாக்கினார். அதிலிருந்த ஒரு பிழையையும் தாமே கண்டறிந்து சரிசெய்தார்' அப்படின்னு. நான் சரி பண்ணுனது இருபத்தொண்ணு. அவ எழுதுனது இருபது. முந்தின நாளே எப்படி எழுதலாம்? ஒருவேளை நான் சரி பண்ணாம விட்டிருந்தா? பொய்யாப் போயிருக்கும்ல?

அதனாலதான் இன்னைக்கு இறங்கி நேர்ல கேட்டுரலாம்னு கிளம்பி வந்தேன். நேத்து மதுரையில அக்கா வீட்டுல தங்கினேன். அக்காகிட்டயும் சொன்னேன். அக்கா அவ பக்கம்தான் பேசுது. இன்டர்வியூவுக்குப் போறதா இல்லையான்னு நான் இன்னும் முடிவு பண்ணல. அந்த கம்பெனி எப்படி அண்ணாச்சி? பைபாஸ்ல இருக்கிறது. ஆளுங்களை ஒழுங்கா வெச்சிருப்பாங்களா? உங்க மருமகன் அங்கதானா! அடேயப்பா. நல்லா இருக்காரா? சாயங்காலம் வீட்டுக்கு வந்துருவாரா? ஆறு மணிக்கே வந்துருவாரா. இல்ல, சும்மாதான் கேட்டேன்.

இருங்க, போன் வருது. அவதான்.

சொல்லு செம்பா. பஸ்லதான்... பந்தல்குடி தாண்டிருச்சு. என்னது, பஸ் ஸ்டாண்டுலயா? எதுக்கு? நான்தான் வீட்டுக்கு வர்றேன்னு... சரி. சரி. நான் எங்க கத்துனேன்? மெதுவாத்தான் பேசுறேன். வை.

பார்த்தீங்களா அண்ணாச்சி? சர்டிபிகேட் ஃபைலை எடுத்துக்கிட்டு பஸ் ஸ்டாண்டுல வந்து நிக்கிறாளாம். சட்டை அயர்ன் பண்ணிக் கொண்டு வந்திருக்காளாம். நான் போறேன்னு எப்பச் சொன்னேன்? இன்னைக்கு ராத்திரியே தூத்துக்குடி போயிட்டா காலையில அலைச்சல் இருக்காதாம். எல்லாம் அவளே முடிவு பண்ணிட்டா. இறங்குன உடனே கேட்டுர்றேன், பாருங்க. பஸ் ஸ்டாண்டுன்னுகூடப் பார்க்கமாட்டேன்.

அதோ ஊர் வந்துருச்சு. அங்க நிக்கிறாள்ல, பச்சைச் சேலை, கடை ஓரமா. இளைச்சுட்டாளோ? பொங்கலுக்கு இப்படி இல்லையே. கையில ரெண்டு பை வெச்சிருக்கா பாருங்க. ஒண்ணு எனக்கு. இன்னொண்ணு யாருக்கு? ஏறுறா அண்ணாச்சி! அவளும் ஏறுறா! நாளைக்குத் திங்கக்கிழமை, ஸ்கூல் இருக்கு. காய்ச்சல் வந்தாக்கூட லீவு போடாதவ அண்ணாச்சி, நான் எத்தனை தடவை லீவு போட்டுட்டு ஓசூர் வான்னு கூப்பிட்டிருப்பேன்...

கண்டக்டர் சார்! இங்க, இங்க. தூத்துக்குடி ரெண்டு குடுங்க. ஆமா, எட்டயபுரம்தான் எடுத்திருந்தேன். இறங்கல. ரெண்டு குடுங்க.

அண்ணாச்சி, ஒரு உதவி. நான் இவ்வளவு நேரம் சொன்னது எதையும் முகத்துல காட்டிக்காதீங்க. கேட்டா, கிரிக்கெட் பேசிக்கிட்டு வந்தோம்னு சொல்லிருங்க. வர்றா.

வா செம்பா. பையைக் குடு, நான் வெச்சுக்கிறேன். இவரு தூத்துக்குடி அண்ணாச்சி. சும்மா, கிரிக்கெட் பேசிக்கிட்டு வந்தோம். எதுக்குச் சிரிக்கிறாரா? எனக்கென்ன தெரியும்? சேச்சே, உன்னைப் பத்தி ஒண்ணுமே சொல்லல. நல்லவிதமாத்தான் சொன்னேன்.